பியூட்டவுன்

பியூட்டவுன் என்பது வேல்சின் தலைநகரான கார்டிஃபின் தென்பகுதியில், பழைய துறைமுகத்தை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி ஆகும். இதுவும் இதன் சுற்றுப்புறமும் 'டைகர் பே' என்ற பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டன. பாடகி சர்லி பாசி 1937 இல் இங்கு பிறந்தார்.

வரலாறு

இரண்டாம் பியூட் பிரபு அமைத்த கப்பல்துறை 1839 இல் திறக்கப்பட்ட பின்னர் இப்பகுதி வளர்ந்தது. இதன் நடுவிலிருந்த லவுடன் சதுக்கத்தில் தொடக்கத்தில் கப்பல் தலைவர்களும் வணிகர்களும் வாழ்ந்தனர். நிலக்கரி ஏற்றுமதி பெருகிய காலத்தில் அவர்கள் வெளியேற, பெரிய வீடுகள் பிரிக்கப்பட்டு மாலுமிகளின் விடுதிகளாயின. சோமாலியர், யேமனியர், மேற்கு ஆப்பிரிக்கர், கரிபியர் எனப் பல நாட்டவரும் இங்கு குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். ஒருபுறம் தொடருந்துப் பாதையும் மறுபுறம் கால்வாயும் இப்பகுதியை நகரிலிருந்து பிரித்தன. 1919 இல் நிகழ்ந்த இனக்கலவரம் இப்பிரிவை மேலும் ஆழமாக்கியது.

மறுசீரமைப்பு

1960களில் சேரி அகற்றல் என்ற பெயரில் லவுடன் சதுக்கமும் சூழ்ந்த தெருக்களும் இடிக்கப்பட்டன. வீடுகள் பல பழுதுற்றிருந்தன என்பது உண்மையே. எனினும் அவற்றோடு கடைகளும் விடுதிகளும் அயலாரின் பிணைப்பும் அழிந்தன. குடும்பங்கள் பல நகரின் பிற பகுதிகளுக்குச் சிதறின. சதுக்கத்தில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன.

கார்டிஃப் விரிகுடா மேம்பாட்டுக் கழகம் 1987 முதல் 2000 வரை இயங்கியது. 1999 இல் நிறைவுற்ற தடுப்பணையால் ஏறத்தாழ 200 எக்டேர் நன்னீர் ஏரி உருவாகி, கரையோர நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. புதிய அடுக்ககங்கள் லாயிட் ஜார்ஜ் நிழற்சாலையில் அமைந்தன. அவற்றுக்கும் பியூட் தெருவின் நகராட்சிக் குடியிருப்புகளுக்கும் இடையே அதே தொடருந்துப் பாதை செல்கிறது.