சாயத்தொட்டியின் நுரை

சீன மருந்துக் கடைகளில் ச்சிங்-டாய் என்றொரு தூள் விற்கப்படுகிறது. கருநீல நிறம், நீரிலிட்டால் மிதக்கும் அளவுக்கு இலேசானது, விரலில் பட்டால் எளிதில் போகாது. ‘டாய்’ என்னும் சீனச் சொல் புருவம் தீட்டும் மையைக் குறிக்கும். ஆக, மருந்தின் பெயரே ‘நீலப் புருவ மை’ என்பதாகும். பெண்டிர் முகத்தில் தீட்டிய மை பெருங்குடல் புண்ணுக்கு மருந்தானது எவ்வாறு, மருந்தான பின் அதைக் குறித்து ஓர் அரசு எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது ஏன் என்பதே இக்கட்டுரையில் நாம் காண விழையும் வரலாறு.

இத்தூளின் மூலம் நமக்கு அயலானதன்று. நீலச்சாயம் தரும் இலைகளே அதன் மூலம். சீனத்தில் இதற்கெனப் பல செடிகள் உண்டு. ஃபூஜியன் மாகாணத்தில் பெரிதும் பயன்படும் செடி ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நம் மலைகளின் நீலக்குறிஞ்சியும் அதே பேரினத்ததே. நம்மூர் அவுரியிலிருந்தும் இதே தூளைச் செய்யலாம். செய்முறையும் ஒன்றுதான். இலைகளை நீரில் ஊறவைப்பார்கள். இலையிலுள்ள நிறமற்ற பொருள் நீரில் இறங்கிச் சிதையும். இலைச் சக்கையை நீக்கிவிட்டு, ஊறல் நீரில் சுண்ணாம்பு சேர்த்து அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் படப்பட நீர் நீலமாகும். நீலம் அடியில் வண்டலாகப் படியும். மேலே செந்நீல நுரை திரளும். வண்டல் துணிக்குப் போயிற்று. நுரையை வழித்தெடுத்து உலர்த்தியது மருந்துக்குப் போயிற்று.

சோங் அரச காலத்தில், 974ஆம் ஆண்டில், அரசாணையின்படி திருத்தி வெளியிடப்பட்ட காய்பாவ் மருந்து நூல், ச்சிங்-டாய் பாரசீகத்திலிருந்து வருவதென்று குறிக்கிறது. உள்நாட்டில் சில ஊர்களிலும் அது கிடைப்பதாகச் சொல்லி, சாயத்தொட்டியின் மேல் மிதக்கும் செந்நீல நுரையும் அதே குணமுடையது என்று சேர்க்கிறது. ஆக, தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்குக்கு உள்ளூர்ச் சாயக்காரரின் தொட்டியிலேயே மாற்று கிடைத்துவிட்டது. 

ஆறு நூற்றாண்டுகள் கழித்து லீ ஷி-சென் இதே பொருளை மீண்டும் ஆராய்கிறார். அவருடைய பென்-சாவ் காங்-மு 1578இல் எழுதி முடிக்கப்பட்டு, அவர் மறைந்த பின் 1596இல் நான்ஜிங்கில் அச்சேறியது. 1892 மருந்துப் பொருள்களைப் பேசும் பெருநூல். பாரசீகச் சரக்கும் அயல்நாட்டு நீலத்தின் நுரையே, அது கிடைக்காவிடில் சீனச் சாய நுரையைக் கொள்ளலாம் என்கிறார் அவர். அத்தோடு நிறுத்தவில்லை. வணிகர்கள் நுரைக்குப் பதிலாக உலர்ந்த வண்டலை விற்கிறார்கள், அதில் சுண்ணாம்பு கலந்திருக்கும், உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தில் சேர்க்கையில் கவனம் வேண்டும் என்று எச்சரிக்கிறார். இந்த எச்சரிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நுரையை நாடியவர்கள் சீனர் மட்டுமல்லர். முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் ‘இண்டிகம்’ என்னும் நீலத்தைப் பற்றி எழுதுகிறார். பெயரே ‘இந்தியப் பொருள்’ என்பதுதான். அதில் இரண்டாவது வகை சாயப்பட்டறைக் கொப்பரைகளின் மேல் மிதக்கும் நுரை என்கிறார். அதே காலத்துக் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் அதை வீக்கத்துக்கும் புண்ணுக்கும் உரிய மருந்தாகக் குறிக்கிறார். சாயப்பட்டறையும் மருந்துக் கடையும் பல நாடுகளில் அண்டை வீட்டாராகவே இருந்திருக்கின்றன எனலாம்.

நிற்க. இப்போது நோயின் பக்கம் திரும்புவோம். இரத்தமும் சளியுமாகக் கழியும் பேதி பழங்காலத்திலும் இருந்தது. எனினும் தொற்றால் வரும் சீதபேதியினின்று வேறான, காரணம் புலப்படாத பெருங்குடல் புண்ணைத் தனித்து விவரித்தவர் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ், ஆண்டு 1859. வங்கத்து உழவர்கள் வெள்ளைத் தோட்டக்காரருக்கு அவுரி பயிரிட மாட்டோம் என்று கிளர்ந்தெழுந்ததும் அதே 1859இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை; ஆயினும் ஒரே ஆண்டில் பெயர் பெற்ற நோயும் சினத்துக்கு ஆளான செடியும் பின்னாளில் சந்தித்தன என்பது வரலாற்றின் விந்தை. 1897இல் ஜெர்மானிய நிறுவனமான பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகின் பெரும்பாலான அவுரித் தொட்டிகள் காலப்போக்கில் வறண்டன. சீன மருத்துவம் கேட்டது துணிக்கான வண்டலை அன்று. ஆதலால் அங்கே மருந்துக்கான நுரை எடுக்கும் தொழில் அற்றுப்போகவில்லை.

சீன மருத்துவத்தில் ச்சிங்-டாய் ‘வெப்பத்தையும் நஞ்சையும் தணிப்பது, குருதியைக் குளிர்விப்பது’. தொண்டைப் புண்ணுக்கு ஊதும் ஷீ-லெய் என்னும் தூளில் முத்து, கோரோசனை, கற்பூர வகை ஆகியவற்றோடு இதுவும் சேரும். இருபதாம் நூற்றாண்டில் சீன மருத்துவர்கள் அதே தூளை நீரில் கரைத்து எனிமாவாகக் கொடுத்தனர். தொண்டைப் புண்ணை ஆற்றுவது குடலின் கடைசிப் புண்ணையும் ஆற்றும் என்பது அவர்களின் தருக்கம். இதனிடையே வேறொரு திசையிலும் இந்நுரை ஆராயப்பட்டது. பதினொரு சரக்குகள் கொண்ட ஒரு பழைய மாத்திரை ஒருவகை இரத்தப் புற்றுக்குப் பயன்படுவதைச் சீன ஆய்வாளர் கண்டு, ஒவ்வொரு சரக்காக விலக்கிப் பார்த்தனர். வேலை செய்தது ச்சிங்-டாய். அதற்குள் வேலை செய்தது நீலத்தோடு சிறிதளவே உருவாகும் செந்நிறப் பொருளான இண்டிருபின்.

சாயமாக மட்டும் அறியப்பட்ட இண்டிகோவும் இண்டிருபினும் உடலில் என்ன செய்கின்றன? நம் உயிரணுக்களில் ஏரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்றொரு புரதம் உண்டு. டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு எவ்வழியே உடலைத் தாக்குகிறது என்று தேடியபோது அறியப்பட்டது அது. இவ்விரு நிறமிகளும் அந்த ஏற்பியைத் தூண்டுகின்றன. குடலில் அது தூண்டப்படும்போது இன்டர்லூகின்-22 என்னும் செய்திப் பொருள் சுரக்கிறது. குடலின் உட்சவ்வு மீண்டும் வளர்கிறது. சுரப்பதைத் தடுத்து அழற்சியை அடக்கும் மருந்துகள் பல. சவ்வை வளர்த்துப் புண்ணை மூடுவது இதன் தனிச்சிறப்பு.

ஜப்பானில் இது செய்தியாகப் பரவிற்று. வேறு மருந்துக்கு அடங்காத நோயாளிகள் பலர் தூளைத் தாமே வாங்கி உண்டனர். ஆகவே ஜப்பானிய மருத்துவர்கள் முறையான சோதனையில் இறங்கினர். 86 நோயாளிகள், நாளொன்றுக்கு அரை கிராம், ஒரு கிராம், இரண்டு கிராம் என மூன்று அளவுகள், நான்காவது பிரிவுக்கு வெற்று மருந்து, காலம் எட்டு வாரம். 2018இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது. வெற்று மருந்து உண்டோரில் நூற்றுக்கு 13.6 பேர் குணம் காட்டினர். ச்சிங்-டாய் உண்டோரில் அளவுக்கேற்ப முறையே 69.6, 75, 81 பேர்.

ஆனால் அச்சோதனை திட்டமிட்டபடி முடியவில்லை. சோதனைக்கு வெளியே, தாமே வாங்கி உண்டவர்களில் சிலருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் உயரும் கடும் நோய் கண்டது. 2016 டிசம்பரில் ஜப்பானிய சுகாதார அமைச்சகம் எச்சரித்தது. சோதனை முன்னதாகவே நிறுத்தப்பட்டது. பின்னர் நாடு தழுவிய கணக்கெடுப்பொன்றில் இதை உண்ட 877 நோயாளிகள் அறியப்பட்டனர். அவர்களில் 11 பேருக்கு அந்நோய். கல்லீரல் பாதிப்பும் பலருக்கு இருந்தது. 2021இல் வெளியான மற்றொரு ஜப்பானிய ஆய்வு, நுரையீரல் தமனி நோய் உருவாவதிலும் அதே ஏற்பிக்குப் பங்குண்டு என்று காட்டியது. குடலில் புண்ணை மூடும் அதே செயல், மார்பில் குழாயை இறுக்குகிறது. நன்மையைப் பிரித்தெடுத்துத் தீமையை உதறுவது இன்றும் எளிதாயில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. அதன் நாயகன் நாம் நன்கறிந்த நிலவேம்பு. சீனத்தில் அது ‘நெஞ்சைத் துளைக்கும் தாமரை’. அதன் சாற்றை எச்எம்பிஎல்-004 என்று பெயரிட்டு ஹட்சிசன் நிறுவனம் இதே குடல் நோய்க்குச் சோதித்தது. 2013இல் வெளியான ஆய்வில் 224 பேர். வெற்று மருந்துக்கு நூற்றுக்கு 40 பேரும், நாளுக்கு 1800 மில்லிகிராம் சாற்றுக்கு 60 பேரும் குணம் காட்டினர். நம்பிக்கையோடு தொடங்கிய பெரும் சோதனை, பயன் தெரியாது என்ற இடைக்கணிப்பின் பேரில் 2014இல் நிறுத்தப்பட்டது. ஒன்று வேலை செய்தது, ஆனால் தீங்கும் செய்தது. மற்றொன்று பெருந்தீங்கு ஏதும் செய்யவில்லை, ஆனால் போதிய வேலையும் செய்யவில்லை. இரண்டையும் அறிய வைத்தது வெற்று மருந்தோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கும் ஒரே முறைதான்.

‘இலையிலிருந்து வந்தது, ஆகவே தீங்கில்லை’ என்பார் ஒரு சாரார். ‘பழைய வைத்தியம், ஆகவே பொய்’ என்பார் மற்றொரு சாரார். ச்சிங்-டாயின் வரலாறு இரு சாராரையும் மறுக்கிறது. பதினோரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பேணப்பட்ட அனுபவ அறிவில் உண்மை இருந்தது. ஆனால் அவ்வனுபவம் கண்டது புண் ஆறுவதை; மாதக்கணக்கில் தினமும் உண்டவரின் நுரையீரல் தமனியை அது கண்டிருக்க வழியில்லை. நாள்பட்ட நோயில் துன்புறுவோர் எதையும் உண்ணத் துணிவார்கள். அவர்களைக் குறை கூறுதல் தகாது. அவர்கள் கையில் தூளைக் கொடுப்போரிடம்தான் கேள்வி கேட்கவேண்டும்.

மரபைப் போற்றுவோர் அதன் தலைசிறந்த ஆசிரியரையே பின்பற்றலாம். நுரை நல்லது என்று ஒப்பிய லீ ஷி-சென், அதே பத்தியில் விற்கப்படுவது நுரைதானா என்று சோதிக்கச் சொன்னார். அன்று அவர் அஞ்சியது சுண்ணாம்பை. இன்று அஞ்சவேண்டியது நுரையையுமேதான் என்று தெரிகிறது. சோதிக்கும் பழக்கம் மட்டும் மாறவேண்டியதில்லை.