முத்துராஜவெலச் சதுப்பு நிலமும் அதன் மீட்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு சதுப்பு நிலங்களால் சூழப்பட்ட நகரம். தெற்கே களுபோவிலைக்கு அணித்தாகப் பெல்லன்வில – அத்திடியச் சதுப்பு நிலம் பரந்துள்ளது. வடக்கே கொட்டாஞ்சேனையையும் மட்டக்குளியையும் தாண்டிக் களனி கங்கையைக் கடந்தால் முத்துராஜவெல தொடங்குகின்றது. நீர்கொழும்புக் களப்பையும் சேர்த்து நோக்குமிடத்து இதன் பரப்பு 6,000 ஹெக்டேயருக்கு மேற்பட்டதாகும். கடலின் வற்றுப்பெருக்கும் உள்நாட்டு நன்னீரும் கலக்கும் இவ்விடத்தின் கரையை அண்மைக் காலத்தில் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் வந்து தீண்டின. மாசுபட்ட இத்தகைய நிலத்தை மீட்பது என்பதன் பொருள் யாது? இவ்வினாவுக்கு விடை காண, முத்துராஜவெலவின் பழைய வரலாற்றையும் பிற நாடுகளின் அனுபவத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

கோட்டை அரசர் காலத்தில் இந்நிலம் நெல் விளைந்த வயலாக இருந்ததென்பது மரபு. அதன் பெயரிலேயே 'வெல', அதாவது வயல் என்னும் சிங்களச் சொல் எஞ்சியுள்ளது. பிற்காலத்தில் போக்குவரத்துக்கெனக் கால்வாய்கள் வெட்டப்பட்டபோது அவற்றின் வழியே உவர்நீர் உட்புகுந்தது, வயல்கள் பாழாயின. ஒல்லாந்தர் அணைகளும் மதகுகளும் அமைத்து உப்பைத் தடுக்க முயன்றனர். பிரித்தானியர் 1802 முதல் 1804 வரை ஹமில்ற்றன் கால்வாயை வெட்டினர். உவர்நீரை வடியச் செய்து நிலத்தை மீண்டும் பயிருக்குக் கொணர்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாகும். இம்முயற்சிகள் எவையும் பயன் தரவில்லை. வயல் மீளவில்லை, ஆனால் வயல் இருந்த இடத்தில் நாணலும் கண்டலும் செழித்தன, பறவைகள் குடியேறின. அந்தப் புதிய சதுப்பு நிலத்தின் வட பகுதியே 1996 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஒரு காலத்து அழிவின் விளைவாகத் தோன்றியது மற்றொரு காலத்தில் பேணத்தக்க செல்வமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இச்செல்வம் வெறும் இயற்கைக் காட்சியன்று. இறால்களும் மீன்குஞ்சுகளும் களப்பின் கண்டல் வேர்களிடையே வளர்கின்றன. கண்டற் கிளைகளை நீரில் நட்டுப் புதர் அமைத்து, அதில் ஒதுங்கும் மீன்களைப் பிடிப்பது நீர்கொழும்பு மீனவரின் நெடுநாளைய வழக்கம். இதன்பொருட்டு அவர்கள் தாமே கண்டல் நட்டு வளர்த்தும் வந்துள்ளனர். எனவே களப்பில் நஞ்சு புகுந்தால் முதலில் வற்றுவது இக்குடும்பங்களின் உலையே.

2018 செப்டெம்பரில், கப்பலிலிருந்து முத்துராஜவெல எண்ணெய்க் களஞ்சியத்துக்குச் செல்லும் குழாயில் ஏற்பட்ட கசிவால் ஏறத்தாழ 25 தொன் உலை எண்ணெய் உஸ்வெட்டகெய்யாவக் கரையை அண்டிய கடலிற் கலந்தது. 2021 மே 20 இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றியது. ஜூன் 2 இல் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளிற் பெரும்பகுதி கடலிற் சிந்திக் கரைகளில் ஒதுங்கியது. கப்பலின் எரியெண்ணெய் களப்பினுட் புகக்கூடும் என்ற அச்சத்தால் தடுப்பு மிதவைகள் ஆயத்தம் செய்யப்பட்டன. பேரளவான எண்ணெய்க் கசிவு நிகழவில்லையாயினும், பாணந்துறை முதல் நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைப்பட்டது.

அவ்வச்சம் வீணானதன்று. கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேல் நீட்டும் வேர்களின் நுண்துளைகளாற் சுவாசிக்கின்றன. எண்ணெய் படிந்தால் அத்துளைகள் அடைபடும். சேற்றின் ஆழத்தில் ஒட்சிசன் இல்லாமையால் எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அங்கு விரைந்து செயற்பட முடியாது. 1969 இல் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் கரையில் புளோரிடா என்னும் படகு சிந்திய எண்ணெயை, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஆய்வாளர் சதுப்புச் சேற்றில் கண்டனர். நீர்கொழும்புக் களப்போ ஒடுங்கிய வாயையும் குறைந்த வற்றுப்பெருக்கையும் உடையது. புகுந்த எண்ணெய் எளிதில் வெளியேறாது.

அவ்வாறாயின் சேற்றையே அகழ்ந்து அகற்றிவிடலாகாதா? 1978 இல் அமொக்கோ காடிஸ் என்னும் கப்பல் பிரான்சின் வடமேற்குக் கரையில் உடைந்து 2 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெயைச் சிந்தியது. அங்கு ஒரு சதுப்பு நிலத்தில் கனரக இயந்திரங்களால் எண்ணெயோடு மண்ணும் வழித்தெடுக்கப்பட்டது. நிலமட்டம் தாழ்ந்தமையால் வற்றுப்பெருக்கின் ஒழுங்கு குலைந்தது. கைவைக்காது விடப்பட்ட சதுப்பு சில ஆண்டுகளில் தானே தளிர்த்தது. துப்புரவாக்கப்பட்ட சதுப்போ அதனிலும் நெடுங்காலம் பின்தங்கியது. அவசரம் இரண்டாவது அழிவாக முடிந்தது.

மரக்கன்றுகளை நட்டுவிட்டால் போதும் என்பதும் பொருந்தாது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் 1,000 ஹெக்டேயருக்குக் குறையாத பரப்பில் கண்டல் நடப்பட்டது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தழைத்ததென ஆய்வு காட்டியது. நீர் எவ்வளவு உயர்கின்றது, எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பதை நோக்காது நட்டமையும், நட்டபின் பராமரியாமையும் இதன் காரணங்களாம். ஒல்லாந்தரின் மதகுகளும் ஆங்கிலேயரின் கால்வாயும் உரைப்பதும் ஏறத்தாழ இதுவே. நீரின் போக்கை முதலில் அறியாத எந்த முயற்சியும் சதுப்பு நிலத்தில் நிலைபெறுவதில்லை.

மீட்பு என்பது இழந்ததை இழந்தவாறே திருப்பித் தருவதன்று. அவ்வாறு கொண்டால் முத்துராஜவெலவை எந்த நூற்றாண்டுக்குத் திருப்புவது? நெல் வயலுக்கா, கண்டற் காட்டுக்கா? எண்ணெய் உட்புகாது தடுத்தல், புகுந்ததை மண்ணைக் குலைக்காது இயன்றவரை அகற்றல், வற்றுப்பெருக்கின் வழியைத் திறந்து வைத்தல், மீளும் காலம்வரை அந்நிலத்தை நம்பி வாழ்வோரைத் தாங்குதல் ஆகிய நான்குமே மீட்பு எனத்தக்கன. இவற்றுள் இறுதியானதே பெரிதும் மறக்கப்படுகின்றது. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம், எக்ஸ்-பிரஸ் பேர்ள் அழிவுக்கு நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்குக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்துதல் வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அந்நெறி ஏட்டளவில் நில்லாது களப்போரத்துக் குடிசைகளை எய்துமாயின், கண்டல் தளிர்ப்பதற்குரிய காலத்தை அங்குள்ள மக்கள் பொறுத்திருக்க இயலும்.