திருக்கோவில் முதல் கல்முனை வரை: நிவாரணம் வந்தது, காணி வரவில்லை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. திருக்கோவில் தொடங்கி அக்கரைப்பற்று, கல்முனை, மருதமுனை வரை தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரை அது. அன்று முதலில் கைகொடுத்தவர்கள் அயலவர்களே. அரசசார்பற்ற நிறுவனங்கள் பின்னரே வந்து சேர்ந்தன. 2006 இல் வெளியான சர்வதேசக் கூட்டு மதிப்பீட்டு அறிக்கையும், உயிர்காத்தவர்கள் உள்ளூர் மக்களே என்று ஒப்புக்கொண்டது.

பணத்துக்குப் பஞ்சமில்லை. உலகெங்கும் திரண்டது ஏறத்தாழ 1,350 கோடி டொலர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமிக்கென இனி நன்கொடை வேண்டாம் என 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே அறிவித்தது.

பற்றாக்குறை காணிக்குத்தான். தெற்கில் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை விதித்த அரசு, கிழக்கில் அதனை 200 மீற்றர் ஆக்கியது. கல்முனைப் பக்கத்தில் கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக வாழ்ந்தவர்கள் எங்கே போவது? படகும் வலையும் கூரைத்தகடும் வழங்க நிறுவனங்களால் முடிந்தது. காணியோ அரசின் கையில், அரசியலின் கையில் இருந்தது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையே இதற்குச் சாட்சி. பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கென சவூதி அரேபிய உதவியில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு உரியவை என்ற இனப் பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2009 இல் தீர்ப்பு வந்த பின்னரும் அவை பல்லாண்டுகள் குடியேறுவாரின்றிப் பாழடைந்து கிடந்தன.

வீட்டின் வரைபடத்தைக் கேட்கும் கொடையாளர்கள், காணியின் உறுதியையும் பங்கீட்டு முறையையும் முதலில் கேட்க வேண்டும். எம் கரை பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இது.