சின்னமனூர்

சின்னமனூர், இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில் தேனி மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு நகராட்சி ஆகும். இது உத்தமபாளையம் வட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் அமைந்துள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 40,000க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். நெல், வாழை, வெற்றிலை, தென்னை, திராட்சை ஆகியவை சுற்றுவட்டாரத்தின் முக்கியப் பயிர்களாகும். மேகமலைக்குச் செல்லும் மலைப்பாதை இந்நகரிலிருந்தே தொடங்குகிறது. முற்காலப் பாண்டியர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றான சின்னமனூர்ச் செப்பேடுகள் இவ்வூரின் பெயராலேயே அறியப்படுகின்றன.

தேக்கடிக்கும் சுருளி அருவிக்கும் செல்லும் பயணிகள் பலர் இவ்வூரைக் கடந்து செல்கின்றனர். பள்ளத்தாக்கில் அவர்கள் காணும் வயல், தோட்டம், அருவி, கோயில் ஆகிய அனைத்தும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் நீரைச் சார்ந்தவை. சின்னமனூரின் வரலாற்றையும் வாழ்வையும் அறிய இந்நீரின் போக்கை அறிவது உதவும்.

அமைவிடமும் போக்குவரத்தும்

தேனியிலிருந்து குமுளி வழியாகக் கேரளத்திற்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 183 சின்னமனூர் வழியாகச் செல்கிறது. தேனியிலிருந்து வரும்போது வீரபாண்டி, சீலையம்பட்டி ஆகிய ஊர்களை அடுத்து இந்நகரம் வருகிறது. இதற்கு அப்பால் உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப், குமுளி ஆகிய ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன.

நகரில் தொடர்வண்டி நிலையம் இல்லை. தேனி, போடிநாயக்கனூர் ஆகியவை அருகிலுள்ள நிலையங்களாகும். மதுரை - போடி இடையே இருந்த மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு, 2022ஆம் ஆண்டு மே மாதம் தேனி வரையிலும், 2023ஆம் ஆண்டு சூன் மாதம் போடி வரையிலும் பயணிகள் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. அங்கிருந்து பேருந்து மூலம் சின்னமனூரை அடையலாம். அருகிலுள்ள வானூர்தி நிலையம் மதுரையில் உள்ளது.

வரலாறு

சின்னமனூரின் பழைய பெயர் அரிகேசரிநல்லூர் என்பதாகும். அரிகேசரி என்பது பாண்டிய மன்னர்கள் கொண்டிருந்த பட்டப்பெயர்களுள் ஒன்றாகும். இவ்வூரில் கிடைத்த செப்பேடுகள் சிறிய சின்னமனூர்ச் செப்பேடுகள், பெரிய சின்னமனூர்ச் செப்பேடுகள் என இரு தொகுதிகளாக வழங்கப்படுகின்றன. இவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டுள்ளன.

பெரிய செப்பேடுகள் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் இராசசிம்ம பாண்டியனின் 16ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டவை. சமசுகிருதப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் எழுதப்பட்டுள்ளன. நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரை மந்தரகௌரவமங்கலம் எனப் பெயர் மாற்றிக் கொடையாக அளித்த செய்தியை இவை பதிவு செய்கின்றன. அக்கொடையைக் கூறும் முன் பாண்டியர் மரபு விரிவாகச் சொல்லப்படுகிறது. மகாபாரதம் தமிழில் ஆக்கப்பட்டதும், மதுரையில் சங்கம் நிறுவப்பட்டதும் பாண்டியர் செயல்களாக இங்குக் குறிப்பிடப்படுகின்றன. சங்கம் பற்றிய இலக்கிய மரபுக்குச் செப்பேட்டுச் சான்றாக அமைவதால் இப்பகுதி அறிஞர்களால் பெரிதும் எடுத்தாளப்படுகிறது.

இக்கொடையை அளித்த இராசசிம்மனே முற்காலப் பாண்டியருள் இறுதி மன்னன் ஆவான். சோழன் முதலாம் பராந்தகனிடம் தோல்வியுற்ற அவன் இலங்கைக்குச் சென்று, பின்னர்த் தன் மணிமுடியை அங்கேயே விட்டுச் சென்றதாக மகாவம்சத்தின் தொடர்ச்சிப் பகுதி கூறுகிறது. எனவே, வீழ்ச்சிக்குச் சற்று முன்னர் ஓர் அரசமரபு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்த குறிப்பாகவும் இச்செப்பேடுகளைக் கொள்ளலாம்.

கோயில்கள்

நகரில் சிவகாமி அம்மன் உடனுறை பூலாநந்தீசுவரர் கோயில் அமைந்துள்ளது. இங்குச் சித்திரை மாதத்தில் தேர்த்திருவிழா நடைபெறுகிறது. தன்னைத் தழுவ முயன்ற மன்னனின் உயரத்திற்கேற்ப இலிங்கம் தன் உயரத்தை மாற்றிக்கொண்டதாகத் தலபுராணம் கூறுவதால், இறைவன் 'அளவுக்கு அளவானவர்' என்றும் அழைக்கப்படுகிறார். பாண்டிய மன்னனின் பெயரைத் தாங்கிய இராசசிம்மேசுவரர் கோயிலும், இலட்சுமி நாராயணப் பெருமாள் கோயிலும் இவ்வூரில் உள்ளன.

அருகிலுள்ள குச்சனூரில் சுயம்பு சனீசுவரர் கோயில் உள்ளது. சனிக்கிழமைகளிலும், குறிப்பாக ஆடி மாதச் சனிக்கிழமைகளிலும் இங்குப் பெருங்கூட்டம் கூடும். தேனிச் சாலையிலுள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவிற்குப் பெயர் பெற்றது. இவ்விழா நாட்களில் நெடுஞ்சாலையில் போக்குவரத்து மாற்றி விடப்படுவதுண்டு.

முல்லைப் பெரியாற்று நீரும் நெல் சாகுபடியும்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலையின் மேற்குச் சரிவிலேயே பெய்துவிடுகிறது. அங்கு மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்புவதே முல்லைப் பெரியாறு திட்டமாகும். இதற்கான 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886இல் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாணத்தை ஆண்ட ஆங்கிலேய அரசுக்கும் இடையே கையெழுத்தானது. பொறியாளர் சான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895இல் திறக்கப்பட்டது. லோயர்கேம்பில் அவருக்கு 2013ஆம் ஆண்டு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

இந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடி பெறுகிறது. அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் முதல் போகத்திற்குச் சூன் மாதத் தொடக்கத்தில் நீர் திறக்கப்படுகிறது. சின்னமனூரைச் சுற்றியுள்ள வயல்கள் நாற்று நடவுக்குப் பின் பசுமையாகக் காணப்படுவது அதனைத் தொடர்ந்த மாதங்களில்தான். மழை பிந்தும் ஆண்டுகளில் நடவும் பிந்துகிறது. சுருளியாற்றின் நீரையும் பெறும் முல்லையாறு பின்னர் வைகையுடன் கலந்து, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையைச் சென்றடைகிறது.

அணையின் பாதுகாப்பு குறித்த ஐயத்தால் 1979இல் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரள அரசு இதற்கு மாறாகச் சட்டம் இயற்றியதையடுத்து வழக்கு தொடர்ந்தது. 2014ஆம் ஆண்டு மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடியை மீண்டும் உறுதி செய்தது. இதற்கிடையே 2011ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பெரும் போராட்டங்கள் நடைபெற்றதுடன், குமுளி வழிப் போக்குவரத்தும் தடைபட்டது. அணையின் கீழ்ப்புறத்தில் வாழும் கேரள மக்களுக்கு இது உயிர்ப் பாதுகாப்புச் சிக்கலாகவும், கம்பம் பள்ளத்தாக்கு உழவர்களுக்கு வாழ்வாதாரச் சிக்கலாகவும் இருந்து வருகிறது.

திராட்சைத் தோட்டங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பெருமளவில் விளைவது பன்னீர் திராட்சை ஆகும். இது மசுகட் ஆம்பர்க் என்னும் ஐரோப்பிய வகையைச் சேர்ந்தது. கருநீல நிறமும், விதையும், தனித்த மணமும் உடையது. தமிழ்நாட்டிற்கு இதனை 1832இல் பிரான்சு நாட்டுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. 'கம்பம் பன்னீர் திராட்சை'க்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சின்னமனூரை அடுத்த ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்றது. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களிலும் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியில் செயல்படுகிறது.

இங்குக் கொடிகள் கல்தூண்களின் மேல் கம்பி கட்டி அமைக்கப்பட்ட பந்தலில் படர விடப்படுகின்றன. கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பன்னீர் திராட்சை அறுவடைக்கு வருகிறது. ஆத்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு போன்ற குளிர்காலம் உள்ள இடங்களில் கொடி இலையுதிர்த்து ஓய்வு கொள்வதால் ஆண்டுக்கு ஓர் அறுவடையே உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் கடுங்குளிர் இல்லாமையால் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை கவாத்து செய்யலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் கவாத்து வெவ்வேறு காலத்தில் செய்யப்படுவதால், எம்மாதத்தில் சென்றாலும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்.

இவ்வசதியோடு இடரும் உண்டு. பழுக்கும் காலத்தில் மழை பெய்தால் பழங்கள் வெடித்துக் குலை வீணாகும். ஈரப்பதம் மிகுந்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். பன்னீர் திராட்சையை நெடுநாள் வைத்திருக்க இயலாது என்பதால், விலை குறைந்த நாளிலும் உழவர் விற்றாக வேண்டியுள்ளது. பழச்சாறு, வைன் ஆலைகள் அமைந்தால் மிகுதி விளைச்சலுக்கு வழி கிடைக்கும் என்பது உழவர்களின் நெடுநாள் கருத்தாகும். இப்பள்ளத்தாக்கில் 2000களில் தனியார் வைன் ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. எனினும், ஆத்திரேலியாவில் உள்ளது போல ஆலையிலேயே வைனைச் சுவைத்து வாங்கும் சுற்றுலா இங்கு வளரவில்லை. தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனத்தின் தனியுரிமையாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகும். இங்கு வரும் பயணி தோட்டத்தைக் கண்டு, அப்போதே பறித்த பழத்தை வாங்கிச் செல்லலாம். தோட்டங்கள் தனியாருக்கு உரியவை என்பதால் முன் அனுமதி பெறுதல் முறையாகும். மருந்து தெளித்த தோட்டங்களில் பழத்தைப் பறித்து உண்ணலாகாது.

மேகமலை

மேகமலை சின்னமனூருக்குத் தெற்கே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களும் சோலைக்காடுகளும் சூழ அமைந்துள்ளது. மலைப்பாதையில் 18 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ் மலர்ப் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. ஐவேவிசு, மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு ஆகிய இடங்களில் நீர்த்தேக்கங்கள் உள்ளன. இவற்றின் நீர் சுருளியாறு நீர்மின் நிலையத்திற்குப் பயன்படுகிறது. சின்னமனூரிலிருந்து மலைக்குப் பேருந்துகள் உள்ளன.

யானை, காட்டுமாடு, சிங்கவால் குரங்கு, மலை இருவாச்சி ஆகியவை இங்கு வாழ்கின்றன. சலீம் அலி பழந்தின்னி வௌவால் எனப்படும் அரிய இனத்தின் முதல் மாதிரி 1948இல் இம்மலையில் பிடிக்கப்பட்டது. அது வேறோர் இனமாகக் கருதப்பட்டு அருங்காட்சியகத்தில் இருந்தது. 1972இல்தான் அது ஒரு புதிய பேரினத்தைச் சேர்ந்தது என அறியப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகையின் பிறப்பிடமான காடுகளும் இதனால் பாதுகாப்புப் பெற்றன.

மலைப்பாதையில் வனத்துறைச் சோதனைச் சாவடி உள்ளது. இரவில் செல்ல அனுமதி இல்லை. இக்கட்டுப்பாட்டின் தேவையை 2023ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்தியது. கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை மேகமலைப் பகுதிக்கு வந்தது. அப்போது மேகமலைக்குச் செல்லப் பயணிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மே 27 அன்று யானை கம்பம் நகருக்குள் நுழைந்தது. அப்போது காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார். சூன் 5 அதிகாலையில் சின்னமனூர் அருகேயுள்ள சின்ன ஓவுலாபுரம் பகுதியில் யானை மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது.

சுருளி அருவி

மேகமலையில் தோன்றும் நீர் சுருளி அருவியாக இறங்குகிறது. இது கம்பத்திலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆடி, தை அமாவாசை நாட்களில் முன்னோர்க்குத் திதி கொடுக்கப் பலர் வருவர். வெள்ளப்பெருக்கு ஏற்படும்போதும் யானைகள் நடமாடும்போதும் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. அருவியில் வெயில் நேரத்திலும் திடீரென நீர்வரத்து உயரக்கூடும். மலையின் மேல் பெய்யும் மழை கீழிருப்போருக்குத் தெரியாது என்பதே இதற்குக் காரணமாகும்.

பயணக் காலம்

சூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் சாரலும், அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் இருக்கும். பெருமழைக் காலத்தில் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்படலாம். புறப்படும் முன் சின்னமனூரிலேயே பாதையின் நிலையையும் வனத்துறை அனுமதியையும் கேட்டறிதல் நலம். மலைமேல் கடைகள் குறைவு. நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் காட்டில் விடாது திரும்பக் கொண்டுவர வேண்டும். அங்கு ஊறும் நீரே கீழே சின்னமனூர் வயல்களுக்கும், வைகை வழியாக மதுரை முதலிய ஊர்களின் குடிநீருக்கும் வந்து சேர்கிறது.