வண்டிக்குப் பூசிய முந்திரி எண்ணெய்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான். எனக்கோ முந்திரிக்கொட்டை எண்ணெயின் வாடை.

போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் நம் செம்மண் மேட்டிலும் வேரூன்றியது. பருப்பு விலைக்குப் போகும், ஓடு மிஞ்சும். அந்த ஓட்டிலிருந்து எடுத்த கறுப்பு எண்ணெயை, மழைக்கு முன் அப்பா எங்கள் கூண்டு வண்டியின் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் பூசுவார். குச்சியில் பழந்துணி சுற்றி இரண்டு தடவை பூசி, வெயிலில் காயவிடுவார். காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீர் இறங்காது, கரையான் அண்டாது. கடலோரத்தில் படகுக்கும் இதையே பூசினார்கள். இன்று இதிலிருந்து பெயிண்டும் பிரேக் லைனிங்கும் செய்கிறார்கள்.

"கையில படாம பூசுடா" என்பார் அப்பா. பட்டால் தோல் வெந்து உரியும். எங்களுக்கு வருஷத்தில் ஒருநாள் வேலை. கொட்டை உடைக்கும் பெண்களுக்குத் தினமும் அதுதான். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைத்தாலும் விரல் கறுத்துப் புண்ணாகும். சோறு பிசைய முடியாமல் பக்கத்து வீட்டு அத்தை கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி போய்விட்டது. அதன் சட்டம் ஒன்று மாட்டுக்கொட்டகையில் உளுத்துப்போகாமல் நிற்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் அத்தையின் கைதான் நினைவுக்கு வருகிறது.