பழைய காரில் ஏர்கோன் குளிரவில்லையா? கேஸ் அடிப்பதற்கு முன் பாருங்கள்

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓடும்போது ஜில்லென்று இருக்கும் ஏர்கோன், பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் நெரிசலில் நின்றதும் வெறும் காற்றாகிவிடுகிறது. கிள்ளானிலிருந்து பழைய சாகா, வீரா, கஞ்சில் கார்களில் தலைநகருக்கு வரும் பலருக்கு இது தெரிந்த தொல்லைதான். பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது "கேஸ் குறைஞ்சிருச்சு" என்ற பதில். சில இடங்களில் நேராக "கம்பிரசர் மாத்தணும்" என்பார்கள். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது முன்பக்கக் காற்றாடியை.

காரணம் எளிது. கம்பிரசர் அழுத்தி அனுப்பும் கேஸ், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் தன் சூட்டை வெளியே விட வேண்டும். கார் ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நின்றுவிட்டால் காற்றாடி சுழன்றால்தான் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோனைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். காற்றாடி சுழலவில்லை, அல்லது சோம்பலாகச் சுழல்கிறது என்றால் பியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். கையை மட்டும் அருகில் கொண்டுபோக வேண்டாம். நின்றிருக்கும் காற்றாடி திடீரென்று சுழலும். இதை அலட்சியம் செய்தால் இன்ஜினும் சூடேறிக் கெடலாம்.

கேரித் தீவு, காப்பார் பக்கம் தோட்டச் சாலைகளில் ஓடும் கார்களுக்கு இன்னொன்று. கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே மண்ணும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் ஆறிய பிறகு, சாதாரண ரப்பர் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

இனி கேஸ். பெட்ரோலைப் போல இது எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய காரில் பல ஆண்டுகளில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஆனால் தைப்பூசத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கேஸோடு அதன் எண்ணெயும் கசிவதால் வரும் அடையாளம் அது. ஓட்டையை அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பிறகுதான் கேஸ் நிரப்ப வேண்டும். நிறுத்து நிரப்புவது நல்லது. சிறிய கார்களுக்கு அரை கிலோவை ஒட்டித்தான் தேவைப்படும். கூடுதலாக அடித்தாலும் குளிர்ச்சி குறையும் என்பது பலருக்குத் தெரியாது. நீங்களே வால்வைத் திறந்து பார்க்க வேண்டாம். 134ஏ கேஸ் வெளியே வந்தால் மைனஸ் 26 பாகையில் கொதிப்பது. தோலையும் கண்ணையும் உறையவைத்துக் காயப்படுத்தும்.

1985இல் வந்த முதல் சாகா போன்ற கார்களில் இருந்தது ஆர்12. ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி அது உலகெங்கும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்தது 134ஏ. இரண்டுக்கும் எண்ணெய் வேறு, நிரப்பும் வாயும் வேறு. பழைய அமைப்பில் மாற்றாமல் 134ஏ-ஐ அப்படியே அடித்தால் எண்ணெய் சரியாகச் சுற்றாமல் கம்பிரசர் பழுதாகலாம். தாத்தா காலத்து சாகாவை ஆசையாக வைத்திருப்பவர்கள், முன்பே மாற்றிய வண்டியா என்று பானெட்டின் கீழே உள்ள ஸ்டிக்கரைப் பார்ப்பது நல்லது. மலிவு என்று எரியும் வகை கேஸை அடிக்க வந்தால் சம்மதிக்காதீர்கள்.

காற்று குளிராகவே வருகிறது, ஆனால் வேகம் இல்லை என்றால் கதை வேறு. ஃபில்டர் இருக்கும் காரில் அதைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டரே இல்லாத பழைய கார்களில் தூசி நேராகக் கூலிங் காயிலில் படியும். ஊறிய துணி வாடை வருவதும் அதனால்தான். ஈப்போ வரை போகும்போது பாதி வழியில் காற்று குறைந்து, பத்து நிமிடம் ஏர்கோனை அணைத்துவைத்தால் மீண்டும் வருகிறதா? காயிலில் பனி கட்டுகிறது. தெர்மோஸ்டாட் பழுதாக இருக்கலாம், கேஸ் குறைவாகவும் இருக்கலாம். காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. கால்மிதியில் ஈரம் கண்டால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

வெளிக்காற்று வரும் பொத்தானை மூடி, உள்காற்றையே சுழலவிட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள். நம் நாட்டுப் புழுக்கத்தில் அது மட்டுமே பெரிய வித்தியாசம் காட்டும். சமையல் தெர்மோமீட்டரை நடு வாயில் வைத்தால், ஓடும் காரில் 6 முதல் 10 பாகை வரை காட்டலாம். 15ஐத் தாண்டினால் பட்டறைதான்.

கம்பிரசர் நிஜமாகவே போய்விட்டால், ஏர்கோன் போட்டதும் 'டிக்' சத்தம் வராது, அல்லது கரகரவென்று உறுமும். டிக் சத்தம் இல்லாததற்கு கேஸ் தீர்ந்திருப்பதும் காரணமாகலாம். அதைச் சோதித்த பிறகே முடிவெடுங்கள். ஹாஃப்-கட் கடையில் பழைய கம்பிரசர் வாங்கிப் போடுவது பலருக்குக் கட்டுப்படியான வழி. அப்போது டிரையரைப் புதிதாக மாற்றி, குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். இல்லையென்றால் உடைந்த கம்பிரசரின் இரும்புத் தூள் அடுத்ததையும் தின்றுவிடும்.