தாது வருடப் பஞ்சமும் பசியின் சமூக அடிப்படையும்

பஞ்சத்தை மழையின் கதையாகக் கூறுவது நீண்டகால மரபு. வானம் பொய்த்தது, பயிர் கருகியது, மக்கள் மாண்டனர் என்ற மூன்று வாக்கியங்களில் ஒரு காலகட்டத்தின் வரலாறு அடங்கிவிடுகின்றது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என்றே நினைவிற் கொண்டனர். ஆண்டின் பெயராற் பஞ்சத்தைச் சுட்டும் இவ்வழக்கில், அது காலத்தின் கோலம் என்னும் கருத்துத் தொக்கி நிற்கின்றது. அக்கருத்து எவ்வளவு பொருத்தமானது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1876 இல் பருவமழை தவறியமை உண்மையே. ஆயின் மழையின்மை வேறு, பஞ்சம் வேறு. இரண்டுக்கும் இடையே நிலவுடைமை, வரி, சந்தை, அரசு ஆகியன நிற்கின்றன. இரயத்துவாரி முறையின் கீழ் நிலவரி பணமாகவே செலுத்தப்படல் வேண்டியிருந்தது. எனவே சிறு விவசாயி தன் தேவைக்குச் சேமிக்குமுன் விளைச்சலை விற்க வேண்டியவனானான். நிலமற்ற கூலியாளனுக்கோ விற்பதற்கு உழைப்பன்றி வேறொன்றும் இருக்கவில்லை. வயல் வறண்டதும் வேலை நின்றது. வேலை நின்ற அதே வேளையில் தானிய விலை ஏறிற்று. புகையிரதம் பஞ்சத்தைப் போக்கும் என்று ஆட்சியாளர் நம்பினர். ஆனால் சந்தையின் நியதிப்படி தானியம் பசியுள்ள இடத்தை நாடிச் செல்வதில்லை. பணமுள்ள இடத்தையே நாடிச் செல்லும். இந்தியக் கோதுமை பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாவதும் பஞ்ச காலத்தில் நின்றுவிடவில்லை.

அரசினால் இயலாதிருந்தது என்ற வாதமும் ஏற்புடையதன்று. 1873–74 இல் பீகாரிற் பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவிக்கப்பட்டது. உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அந்நிவாரணப் பணியை நடத்திய ரிச்சார்ட் டெம்பிள் பாராட்டப்படவில்லை. வீண் செலவு செய்தவர் என்ற கண்டனத்துக்கே உள்ளானார். அதே டெம்பிள் 1877 இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டபோது சிக்கனத்தின் காவலராக வந்தார். நிவாரண வேலைத்தலங்களில் ஆணொருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவுமே கூலியென விதித்தார். கடும் உடலுழைப்புக்கு இது போதாதென மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்ணிஷ் வாதிட்டார். பின்னர் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. பம்பாய் மாகாணத்திலோ தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். பூனா சார்வஜனிக சபை அவர்களுக்கு ஆதரவளித்தது. பஞ்சப்பட்டோர் வாய்மூடி மடிந்தனர் என்று கருதுவோர் இவ்வெதிர்ப்பை மனங்கொளல் வேண்டும். ஆயினும் பஞ்சத்தினால் இந்தியாவில் மாண்டோர் தொகை 50 இலட்சத்துக்கும் அதிகமாகும்.

இப்பஞ்சம் இலக்கியத்திலும் பதிவாகியது. சிவகங்கை வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ குறிப்பிடத்தக்கது. மதுரைச் சோமசுந்தரக் கடவுளிடம் முறையிடும் மக்களை, அக்கடவுளே சிவகங்கைச் சமீன்தாருக்குத் திருமுகம் கொடுத்து அனுப்புவதாக நூல் அமைகின்றது. தெய்வமும் கைவிரிக்கும் நிலையைக் காட்டும் அங்கதம் கூர்மையானது. ஆனால் அது காணும் தீர்வு வள்ளலின் கொடை. நிலப்பிரபுத்துவ உலகநோக்கிற் பசி என்பது ஈகையின் பொருளேயன்றி உரிமையின் பொருளன்று.

கொடையும் கூலியும் கிட்டாதோர் கடல் கடந்தனர். பஞ்சம் விரட்டிய பல்லாயிரவர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியிற் கொள்ளைநோய்க்குப் பலியானோர் பலர். சென்னை மாகாணத்தின் பஞ்சம் இலங்கைப் பெருந்தோட்ட மூலதனத்துக்கு மலிவான உழைப்பாயிற்று.

1880 இன் பஞ்ச ஆணைக்குழு, வறட்சியின் முதற் பலிகள் வேலையிழந்த கூலியாளரே என்பதை ஏற்றுக்கொண்டது. அதன் வழிவந்த பஞ்ச விதிக்கோவைகள் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தின. பஞ்சத்தை விளைத்த உற்பத்தி உறவுகளைத் தீண்டவில்லை. உணவு இருப்பதும் அதனைப் பெறும் உரித்து மக்களுக்கு இருப்பதும் வெவ்வேறானவை என்பதை அமார்த்தியா சென் 1981 இல் கோட்பாடாக நிறுவினார். எனினும் அவ்வுரித்து ஏன் ஒரு வர்க்கத்துக்கு மட்டும் மீண்டும் மீண்டும் மறுக்கப்படுகின்றது என்ற வினா வரலாற்றாய்வாளருக்கு எஞ்சியிருக்கின்றது.

அவ்வினா நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 1974 இல் உரோமில் கூடிய உலக உணவு மாநாடு, பத்தாண்டுகளுக்குள் எக்குழந்தையும் பசியோடு உறங்காத நிலை வரவேண்டும் என இலக்கு வகுத்தது. அதே ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் இறப்பு வீதம் சடுதியாக உயர்ந்தது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டபோது, பயிரிடச் சொந்த நிலமற்ற தோட்டத் தொழிலாளரே முதலில் வீழ்ந்தனர். தாது வருடத்திற் பசியால் விரட்டப்பட்டோரின் வழித்தோன்றல்களும் அவர்களுள் இருந்தனர். மலைநாட்டிற் பெய்யும் மழை அவர்களைக் காக்கவில்லை.

2024 இல் உலகிற் பசியுற்றோர் அண்ணளவாக 67 கோடிப் பேர் என ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் மதிப்பிட்டுள்ளன. இத்தொகைக்கும் வானத்தையே காரணங்காட்டும் குரல்கள் இன்றும் உள. நிலம் யாருக்குரியது, கூலியை யார் தீர்மானிக்கின்றனர், தானியம் யாருடைய கட்டளைப்படி நகர்கின்றது என்னும் வினாக்களைத் தவிர்த்துப் பசியை ஒழிக்க முயல்வது, சோமசுந்தரரின் திருமுகத்தை ஏந்தி இன்னொரு சமீன்தாரின் வாயிலில் நிற்பதாகவே முடியும்.